ஒட்டிய வீட்டின் பேஸ்மென்டில் நீர் ஊறுகிறது: உட்புற வடிகால் போதுமா, பொதுச்சுவரை என்ன செய்வது?

டான்போர்த்வாசி எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். ரொறன்ரோவில் டான்போர்த் வீதிக்குத் தெற்கே, 1920களில் கட்டப்பட்ட ஒரு செமி வீட்டை ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கினோம். அகலம் 18 அடி, நீளம் 35 அடி. ஒரு பக்கச் சுவர் எங்களுக்கும் அடுத்த வீட்டில் வசிக்கும் வயதான கிரேக்க அம்மாவுக்கும் பொதுவானது. மறுபக்கத்தில் மூன்றடி அகலமான ஒழுங்கை மட்டுமே உண்டு. அத்திவாரம் முழுவதும் செங்கல். தளம் மூன்று அங்குலக் கொங்கிறீட்.

2024 யூலை 16 அன்று பெய்த மழையில்தான் முதன்முதலாகத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. டொன்வலி நெடுஞ்சாலை மூழ்கிய அதே நாள். அடுத்த மாதம் 17ஆம் திகதி மழையில் அது இரண்டு மடங்காக வந்தது. அதன் பின்னர் சாதாரண மழைக்கும், மார்ச் மாதத்தில் பனி உருகும்போதும் தரை ஈரமாகின்றது. முன்சுவரும் தரையும் சேரும் இடுக்கிலிருந்து கோடாக ஊறுகிறது. பொதுச்சுவரின் அடியில், முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆறடி தூரம் வரை, செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பின்சுவர் ஓரளவு காய்ந்தே இருக்கிறது.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர் நான்கு சுவர்களின் ஓரமாகவும் தரையை உடைத்து உட்புற வடிகால் போட்டு, பொதுச்சுவர் உட்பட எல்லாச் சுவரிலும் நீர் புகாத பிளாஸ்ரிக் தாளான மெம்பிரேன் அடித்து, வடிகால் நீர் சேரும் குழியில் அதை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் வைக்க 12,800 டொலர் கேட்டார். இரண்டாமவர் முன்சுவருக்கு மட்டும் வடிகால் போதும் என்றும், பொதுச்சுவர்ப் பக்கம் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் இருக்கிறோம். உள்ளே வடிகால் போட்டால் தண்ணீரை வீட்டுக்குள் நாமே அழைப்பது போலாகாதா? அந்த அம்மாவின் பக்கம் ஏதாவது பாதிப்பு வருமா? பம்ப் இறைக்கும் நீரை எங்கே விடுவது? அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றி.

பழையமேசன் எழுதியது:

வணக்கம் தம்பி. ஊரில் மேசன் வேலை செய்து, இங்கே வந்தபின் பதினாறு ஆண்டுகள் பேஸ்மென்ட் நீர்த்தடுப்பு வேலையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. கீழே சுண்ணாம்புக்கல், மேலே செம்மண், நிலத்துக்கு அடியில் வீடு கட்டும் வழக்கமும் கிடையாது. இங்கே பல இடங்களில் பனிப்பாறை விட்டுச்சென்ற களிமண் கலந்த இறுகிய நிலம். அத்திவாரம் கட்டத் தோண்டிய பள்ளத்தை மறுபடியும் தளர்வான மண்ணால் நிரப்பியிருப்பார்கள். சுற்றியுள்ள இறுகிய மண்ணுக்குள் போகாத மழைநீர் அந்தத் தளர்ந்த மண்ணில் இறங்கி, வீட்டைச் சுற்றி ஒரு தொட்டி போலத் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்தின் அழுத்தந்தான் சுவரும் தரையும் சேரும் இடுக்கால் நீரை உள்ளே தள்ளுகிறது.

ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னர், வருவது எந்தத் தண்ணீர் என்று பிரித்து அறியுங்கள். தரையிலுள்ள வடிகால் வாயிலிருந்து மணத்தோடு மேலே வந்தால் அது மாநகரசபைக் கழிவுநீர்க் குழாயின் பின்னோட்டம். அதற்கு மருந்து, கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பக்வோட்டர் வால்வு, நீங்கள் எத்தனை அடி வடிகால் போட்டாலும் அது நிற்காது. சுவரின் நடுவில் ஒரு வெடிப்பால் வழிந்தால் அந்த வெடிப்பை அடைக்கலாம். நீங்கள் சொல்வது போல சுவரும் தரையும் சேரும் இடுக்கில் கோடாக ஊறினால்தான் உட்புற வடிகால் பற்றிப் பேச வேண்டும்.

தண்ணீரை உள்ளே அழைப்பதா என்று கேட்டீர்கள். ஆம், ஒரு வகையில் அப்படித்தான். அது தண்ணீரைத் தடுக்கும் முறை அன்று. வந்த தண்ணீர் தரைக்கு மேலே ஏற முன்னர் பிடித்து அனுப்பும் முறை. சுவரோரமாக ஏறத்தாழ ஓர் அடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி, மண்ணை எடுத்து, சுவரைத் தாங்கும் அகன்ற அடிப்பகுதியான அத்திவார அடிக்கட்டின் பக்கத்தில் நான்கு அங்குலத் துளைக்குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்க வைத்து, முக்கால் அங்குலக் கழுவிய சல்லிக்கல்லால் மூடி, மேலே மறுபடியும் கொங்கிறீட் போடுவார்கள். சுவரில் அடிக்கும் மெம்பிரேனின் கீழ் விளிம்பு அந்தச் சல்லிக்குள் இறங்க வேண்டும். தரைக்கு மேலே நின்றால் அந்த வேலை வீண். இப்படிச் செய்தால் வீட்டின் அடியிலுள்ள நீர்மட்டம் குழாயின் மட்டத்துக்கு இறங்கிவிடும். கிணற்றில் இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள ஊற்று தாழ்வது போலத்தான்.

இனிப் பொதுச்சுவர். இரண்டு ஒப்பந்தக்காரர்களும் பாதி சரி. அந்தச் சுவருக்குப் பின்னால் மண் இல்லை, அந்த அம்மாவின் பேஸ்மென்ட் இருக்கிறது. ஆகவே அவருடைய தளமும் உங்களுடையதும் ஒரே மட்டத்தில் இருந்தால், அச்சுவருக்கு ஈரம் அடியிலிருந்து ஏறலாம், அல்லது முன், பின் முனைகளிலிருந்து வரலாம்; குறுக்காக வர வழியில்லை. அப்படிப்பட்ட சுவருக்கு மெம்பிரேன் அடிப்பது பணச்செலவு மட்டும். அதேவேளை, அதனடியில் தோண்டும்போது வெளிச்சுவரை விட இரட்டிப்புக் கவனம் தேவை, ஏனெனில் இரண்டு வீடுகளின் மாடிச் சட்டங்களும் அந்த ஒரே சுவரில் இருக்கின்றன. பழைய செங்கல் அத்திவாரங்களில் அடிக்கட்டு என்பது சில வேளைகளில் இரண்டு மூன்று வரிச் செங்கல்லை அகலமாக வைத்ததுதான். சில வீடுகளில் அதுவும் இருக்காது. அந்த அடிக்கட்டின் அடிமட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இறங்கினாலும் மண் நழுவக்கூடும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் பொறியியலாளரின் வரைபடமும் கட்டட அனுமதியும் இல்லாமல் தொடக் கூடாது.

ஆகவே முதலில் ஒரு சோதனைக் குழி வெட்டச் சொல்லுங்கள். பொதுச்சுவரும் முன்சுவரும் சேரும் மூலைக்கு அருகே, ஓரடிக்கு ஓரடி. அடிக்கட்டு எங்கே முடிகிறது, குழியில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அதை மூடாமல் ஒரு பலகையால் மறைத்துவிட்டு, ஒரு மழை பெய்யும் வரை பொறுங்கள். பழைய சதுர வைனைல் ஓடுகள் தரையில் ஒட்டியிருந்தால் உடைக்க முன்னர் அஸ்பெஸ்ரஸ் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

வரிசைவீட்டுக்காரி எழுதியது:

மேசன் அண்ணா எழுதியதோடு, அந்த வேலையைச் செய்வித்த பின்னர் வாழ்ந்து பார்த்தவளின் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்களது கபேஜ்டவுன் பகுதியில் ஒரு வரிசையின் நடுவீடு, இருபுறமும் பொதுச்சுவர். வடிகால் நன்றாகவே வேலை செய்கிறது, ஆறு ஆண்டுகளாகத் தரை காய்ந்திருக்கிறது. தொல்லை கொடுத்தது பம்ப்.

ஒப்பந்தக்காரர் பம்ப் குழியை இடது பொதுச்சுவரின் மூலையில் வைத்துவிட்டார். குழாய்க்கு அதுதான் குறுகிய வழி. பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும், மேலே போன நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு 'டொக்' என்று அடிக்கும். மழை இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் கட்டில். மூன்றாவது மழைக்குப் பிறகு அவர் மிகவும் மரியாதையாக வந்து, எங்கள் வீட்டில் இரவு நேரத்தில் யாராவது ஆணி அடிக்கிறார்களா என்று கேட்டார். சத்தம் குறைந்த வால்வும், குழாயைச் சுவரில் இறுக்காமல் இறப்பர் வைத்துப் பிடிக்கும் பிடிகளும் போட்ட பிறகே அவருடைய முகம் தெளிந்தது. எனவே குழியை ஒழுங்கைப் பக்கச் சுவரோரம் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நீரை எங்கே விடுவது என்பது. கழிவுநீர்க் குழாயில் இணைக்க மாநகரசபை விதி இடம் தராது. நிலத்தின் மேல் விட வேண்டும், அதுவும் அத்திவாரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றராவது தள்ளி, அயலவரின் காணிக்குப் போகாத திசையில். எங்களுக்கு முற்றமே எட்டடி. முதல் மாரிகாலத்தில், பெப்ரவரி மாதம், வெளியே கிடந்த குழாயின் வாய் உறைந்து அடைத்துக்கொண்டது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் போகவில்லை. வெளியேறிய கொஞ்ச நீரும் நடைபாதையில் கண்ணாடி போல உறைந்தது. இப்போது சுவரை விட்டு வெளியே வரும் இடத்திலேயே, உறைந்தால் நீர் வழிந்து போக இடைவெளியுள்ள ஓர் இணைப்பு வைத்திருக்கிறோம். மாரிகாலத்தில் நீண்ட குழாயைக் கழற்றிவிடுகிறோம்.

பட்டரி இல்லாத பம்ப் வாங்காதீர்கள். தண்ணீர் அதிகம் வரும் புயல் நேரத்தில்தான் மின்சாரமும் போகும்.

ஈரமண் எழுதியது:

இங்கே எல்லோரும் உட்புற வடிகாலையே ஏற்றுக்கொண்டுவிட்டது போலத் தெரிகிறது. நான் உடன்படவில்லை. செங்கல் அத்திவாரத்தின் வெளிப்பக்கம் ஈரத்திலேயே ஊறிக்கொண்டிருக்க, உட்பக்கத்தில் மெம்பிரேனால் மூடி அழகுபடுத்துவது நோயை மறைக்கும் வேலை. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தில் கரைந்து மணலாக உதிரும். அது மெம்பிரேனுக்குப் பின்னால் நடப்பதால் உங்களுக்குத் தெரியாது. வெளியே தோண்டி, சுவரைச் சுத்தம் செய்து, நீர்காப்புப் பூச்சும் மெம்பிரேனும் வைத்து, அடியில் வீப்பிங் டைல் எனப்படும் புதிய வடிகால் துளைக்குழாய் போடுவதே முறையான வேலை. செலவு கூடினாலும் ஒரு முறைதான்.

பழையமேசன் எழுதியது:

ஈரமண் சொல்வதில் உண்மை உண்டு. தனி வீடாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். செமியில் முன்சுவரை வெளியே தோண்டலாம், தோண்டுவதற்கு முன்னர் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடச் சட்டப்படி அழைக்க வேண்டும். மூன்றடி ஒழுங்கையில் ஆறேழு அடி ஆழத்துக்கு மண்ணைத் தாங்கு பலகை வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்கு அப்பால் நிற்கும் வீட்டின் அத்திவாரமும் அந்தக் குழியின் விளிம்பில் நிற்கும். பொதுச்சுவருக்கோ வெளிப்பக்கம் என்ற ஒன்றே இல்லை. வெளியே எவ்வளவு அடைத்தாலும், அந்த அம்மாவின் முன்சுவர் அடைக்கப்படாதிருந்தால் அவருடைய தளத்தின் கீழ் வந்த நீர் பொதுச்சுவரின் அடியால் உங்களிடம் வரும். ஒட்டிய வீடுகளில் உட்புற வடிகாலை நாங்கள் கூடுதலாகச் செய்வதற்குக் காரணம் இதுதான். மலிவு என்பதற்காக மட்டும் அல்ல.

செங்கல் பற்றிய எச்சரிக்கையை நான் அப்படியே வழிமொழிகிறேன். மெம்பிரேன் அடிப்பதற்கு முன்னர் உதிர்ந்த பொருத்துகளைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். பழைய மென்செங்கல்லின் மேல் கடினமான சீமெந்து பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து, முகம் தட்டுத் தட்டாகக் கழன்று விழும். நீர்காப்புப் பெயின்ற் அடிப்பதும் அதே கதைதான். பொதுச்சுவரைத் திறந்தே விடுங்கள். அது உங்கள் பக்கமாக மூச்சு விடட்டும்.

டான்போர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி சோதனைக் குழி வெட்டினோம். தளத்தின் கீழ் 11 அங்குலத்தில் அடிக்கட்டு முடிகிறது. மூன்று வரிச் செங்கல், ஒவ்வொரு வரியும் மேலுள்ளதைவிட இரண்டு அங்குலம் வெளியே நீண்டிருக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, கரண்டியால் வெட்டினால் சவர்க்காரம் போல வழவழப்பாக நிற்கிறது. பழைய வீப்பிங் டைல் எதுவும் இல்லை. வெட்டிய அன்று குழி காய்ந்திருந்தது. நான்கு நாள்களுக்குப் பின்னர் ஓர் இரவு முழுவதும் மழை பெய்தது. காலையில் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது ஏழு அங்குல நீர். மணம் இல்லை, தெளிவான நீர்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். இரண்டு வீட்டின் முன்கூரைப் பீலியும் ஒன்றாகச் சேர்ந்து, பொதுச்சுவருக்கு நேர் முன்னால், நடுவில் ஒரேயொரு இறங்குகுழாயாக வருகிறது. அது நிலத்தில் ஒரு பழைய மண்குழாய்க்குள் நுழைகிறது. மழை நேரத்தில் அந்த மண்குழாயின் வாயைச் சுற்றி நீர் பொங்கிக்கொண்டிருந்தது. இதற்கும் எங்கள் தொல்லைக்கும் தொடர்பு இருக்குமா?

பழையமேசன் எழுதியது:

தம்பி, அதுவேதான் உங்கள் ஊற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வீட்டின் அகலம் 36 அடி, கூரையின் முன்பாதி ஏறத்தாழ 17 அடி. அதாவது சுமார் 57 சதுர மீற்றர். யூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் பதிவான மழை ஏறத்தாழ 98 மில்லிமீற்றர். அதே அளவு உங்கள் பகுதியில் பெய்திருந்தால், ஐயாயிரத்து ஐந்நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீர் அந்த ஒற்றைக் குழாயால், பொதுச்சுவரின் முன்முனையில், சில மணிநேரத்துக்குள் இறங்கியிருக்கும். நூறு வயதான மண்குழாய் வேரால் அடைபட்டோ உடைந்தோ இருந்தால் அவ்வளவும் அத்திவாரத்தின் பக்கத்து மண்ணுக்குள்தான் போகும். முன்சுவர் மூலையும் பொதுச்சுவரின் முதல் ஆறடியும் மட்டும் ஈரமாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இறங்குகுழாயை நிலத்திலிருந்து துண்டித்து, மேலே ஒரு வளைவு வைத்து முற்றத்துக்கு நீரை விடுங்கள். அதைச் செய்துவிட்டு அதே குழியில் மறுபடியும் அளந்து பார்க்க முன்னர் எந்த ஒப்பந்தத்திலும் ஒப்பமிட வேண்டாம்.

வரிசைவீட்டுக்காரி எழுதியது:

பொதுவான இறங்குகுழாய் என்பதால் அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் வெட்ட முடியாது. நேரில் போய்க் குழியைக் காட்டி அழைத்து வாருங்கள், கடிதம் எழுதாதீர்கள். அவருடைய பேஸ்மென்டிலும் அதே மூலை ஈரமாகத்தான் இருக்கும்.

மாநகரசபை 2016 இறுதியிலிருந்து நகரம் முழுவதும் இறங்குகுழாய்களைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து துண்டிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. துண்டித்தால் நடைபாதையில் நீர் வழிவது போன்ற ஆபத்து வரும் இடங்களுக்கும், துண்டிக்கவே வழியில்லாத இடங்களுக்கும் மட்டும் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். உங்கள் வீட்டுக்கு முன்னைய உரிமையாளர்கள் விலக்குப் பெற்றிருந்தார்களா என்று மாநகரசபையின் தொலைபேசிச் சேவை எண்ணான 311 இல் கேட்டுப் பாருங்கள். பக்வோட்டர் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் மாநகரசபை மானியம் உண்டு, செலவில் ஒரு பங்கை உச்சவரம்புக்குள் திருப்பித் தருவார்கள். ஆனால் இறங்குகுழாய் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், வேலை செய்தவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உட்புற வடிகாலின் குழாய்க்கு அதில் பணம் இல்லை. காப்புறுதியை நம்ப வேண்டாம். கழிவுநீர்ப் பின்னோட்டத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கலாம், மெல்ல ஊறும் நீருக்குப் பொதுவாக அவர்கள் கை விரிப்பார்கள்.

டான்போர்த்வாசி எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த அம்மாவைக் குழியைக் காட்ட அழைத்து வந்தோம். அவர் எதுவும் பேசாமல் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூலையில் அடுக்கியிருந்த ஒலிவ் எண்ணெய்த் தகரங்களை நகர்த்திக் காட்டினார். தகரங்களின் அடி துருப்பிடித்து, தரையில் வட்ட வட்டமாகத் தடம். பல ஆண்டுகளாக அது வியர்வை என்றே நினைத்திருந்தாராம்.

இறங்குகுழாயை அவருடைய மகனும் நானும் சேர்ந்து துண்டித்தோம். விலக்கு எதுவும் பதிவில் இல்லை என்று 311 இல் கூறினார்கள். மண்குழாயின் வாயை அடைத்து, முன்பக்க மண்ணை வீட்டிலிருந்து வெளியே சரியும்படி உயர்த்தினோம். அதன் பின்னர் மூன்று நல்ல மழை. பொதுச்சுவரின் பக்கக் குழியில் நீர் இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. உப்பு புதிதாகப் பூக்கவில்லை. முன்சுவரின் மற்ற மூலை மட்டும் இன்னும் ஈரமாகிறது.

ஆகவே முன்சுவரின் 18 அடிக்கு மட்டும் வடிகாலும், ஒழுங்கைப் பக்கம் குழியும் பம்பும் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டாம் ஒப்பந்தக்காரர்தான் செய்கிறார். மேசன் அண்ணாவிடம் கடைசியாக ஒரு கேள்வி: ஒப்பந்தக்காரர் பம்ப் குழியை ஒழுங்கைச் சுவரை ஒட்டியே வெட்டப் போவதாகச் சொல்கிறார். சரியா?

பழையமேசன் எழுதியது:

இல்லை. குழி அடிக்கட்டை விட ஆழமாகப் போகும் என்பதை மறக்க வேண்டாம். குழியின் அடி, அடிக்கட்டின் அடிமட்டத்துக்கு எத்தனை அங்குலம் கீழே இறங்குகிறதோ, குறைந்தது அத்தனை அங்குலம் அடிக்கட்டின் விளிம்பிலிருந்து தள்ளி வெட்ட வேண்டும். உங்கள் அடிக்கட்டு 11 அங்குலத்தில் முடிகிறது; குழி 30 அங்குலம் என்றால் 19 அங்குல இடைவெளி. அவரிடம் அளந்து சோக்கால் தரையில் கோடு போட்டுக் கொடுங்கள். மூடி இறப்பர் வளையத்தோடு இறுகப் பூட்டும் வகையாக இருக்கட்டும். நிலத்திலிருந்து வரும், கதிரியக்கமுள்ள றேடன் வாயு திறந்த குழியால் ஏறும். சோதனைக் குழியை மட்டும் இப்போதே மூடாதீர்கள். மார்ச் மாதம் பனி உருகும்போது ஒருமுறை பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடலாம்.